நாலு ரத வீதியும் சுற்றி வந்த தமுக்கு

தமுக்குச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் எங்களை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார்கள்.

ஓடி வரவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டும் வரவில்லை. அதுவரை தொண்டை கிழியக் கத்தியவர்கள் வாயை மூடிக்கொண்டு, முன்னால் நிற்பவனைத் தோளைத் தொட்டு ஒதுக்கியபடி பைய நடந்து வந்தார்கள். கீழ ரத வீதி முக்கில் போலீஸ்காரர்கள் நாங்கள் முப்பது பேர் குறுக்கே நின்றோம். அதில் பன்னிரண்டு பேர் கையில் துப்பாக்கி. பங்குனி வெயிலில் தலைப்பாகைக்குள்ளிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் எரிந்தது. துடைக்கக் கையெடுக்கவும் பயமாக இருந்தது.

குதிரை மேலிருந்த மாஜிஸ்திரேட் துரை குனிந்து ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

"நீ இவர்களைக் கலைந்து போகச் சொன்னாயா, கிட்டே வரச் சொன்னாயா?"

"கலையத்தான் சொன்னேன், ஐயா."

"பிறகு ஏன் வருகிறார்கள்?"

ஏன் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.  தமுக்கு போடலாம் என்று யோசனை சொன்னதே நான்தான்.

சாத்தான்குளத்துக் கடிதம்

சில வாரங்களுக்கு முன்பு இந்தத் தொடரில், நான் ஏட்டு ஆன கதையை இரண்டே வரியில் எழுதித் தள்ளியிருந்தேன். டவுனில் ஒரு கலகக் கூட்டத்தை ஒரு குண்டு கூடச் சுடாமல் கலைத்ததற்காக எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே எழுதியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டுச் சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். "இப்போது நம் சர்க்காரே வந்துவிட்டது. ஆனாலும் நாலு பேர் கொடி பிடித்து வந்தால் போலீசுக்குக் கை பரபரக்கிறது. குண்டு சுடாமல் நீர் எப்படிக் கலைத்தீர் என்று விவரமாக எழுதும். புத்திமதி வேண்டாம், நடந்ததைச் சொல்லும்" என்று கேட்டிருந்தார்.

மூன்று நாள் அந்தக் கடிதம் மேஜை மேல் கிடந்தது. நான் எழுதிய இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்த ஒருவர் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடைய இரண்டாவது மகன் நான். பெயர் ஞானமுத்து. என்னையும் சாக்பீஸ் பிடிக்க வைக்க அப்பா ஆசைப்பட்டார். எனக்கோ காக்கிச் சட்டை மேல் மோகம். ஆங்கிலம் தெரிந்ததால் லத்தி தூக்கவிடாமல் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார வைத்துவிட்டார்கள். துரைமார் யார் வந்தாலும் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது என் தலையில் விழும்.

சுதேசிப் பேச்சு சூடு பிடித்த வருஷங்கள் அவை. கூட்டத்தில் என்னைக் கண்டால் "வேதக்காரப் போலீசு வாரான்" என்று கத்துவார்கள்; வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அங்கேயும் இரண்டு கட்சி. ஒரு பக்கம் என்னோடு கைகுலுக்கும், மறு பக்கம் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். எனக்கென்று ஒரு கட்சி இருந்ததா என்று கேட்டால், சம்பளம் கொடுக்கிற கட்சி என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

துரை கெட்டவர் அல்ல

அந்த வாரம் வெளியூரில் சுதேசிக் கூட்டங்களில் பேசிய சிலரைப் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் அடைத்துவிட்டார்கள். செய்தி வந்த மறுநாள் டவுனில் ஒரு கடை திறக்கவில்லை. எப்போதும் வண்டிச் சத்தமும் பேரச் சத்தமுமாக இருக்கும் வீதியில் காக்காய் கத்துவது கேட்டது. உச்சிப் பொழுதில் நெசவுக்காரர்கள், வண்டிக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், வக்கீல் குமாஸ்தாக்கள் என்று ஒரு பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை ஜெயில் வாசலில் போய் உட்காரப் போகிறோம் என்றார்கள். அவர்களைக் கீழ ரத வீதி முக்கு தாண்ட விடக்கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு.

மாஜிஸ்திரேட் துரை வேறு ஜில்லாவிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தமிழில் 'வா', 'போ', 'தண்ணி' என்ற மூன்று வார்த்தை தெரியும். இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எச்சரிக்கை செய்யாமல் சுடக்கூடாது, எச்சரிக்கை எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் எல்லாத் துரைக்கும் இருந்ததில்லை.

நான் கத்திப் பார்த்தேன். எங்கள் இன்ஸ்பெக்டர் கத்திப் பார்த்தார். பத்தடி தாண்டி ஒரு எழுத்துக் கேட்கவில்லை. அப்போதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஐயா, இந்த ஊரில் எதையும் தமுக்கு போட்டுச் சொன்னால்தான் ஜனங்கள் காது கொடுப்பார்கள்."

துரைக்கு அது பிடித்துவிட்டது. "நல்ல யோசனை. கூட்டி வா" என்றார்.

தமுக்கு போட்டால் என்ன செய்வார்கள்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகத் தமுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி வராத காலம். கழுத்தில் ஒரு சின்னப் பறையை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் வருவார். முக்கில் நின்று அடிப்பார். பிறகு சேதியைச் சொல்வார். கால்வாயில் தண்ணீர் திறக்கிற நாள், அம்மை குத்துகிறவர் வருகிற நாள், வெறிநாய் நடமாட்டம், தீர்வை கட்டக் கடைசித் தவணை, எல்லாம் அதில்தான் வரும்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டால் அப்பாவே பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போவார். சீவலப்பேரிப் பக்கத்தில் வயலில் நிற்கிறவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வருவார்கள். தண்ணீர் திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று பாதியில் கேட்டுவிட்டுப் போனால் போகம் போய்விடும். அதனால் யாரும் தூரத்தில் நின்று கேட்க மாட்டார்கள். தமுக்கு அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கிட்டே போக வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, காலில் ஊறிப்போன பழக்கம்.

கிட்டே வரவழைக்கிற பறையை அடித்து, தூரப் போங்கள் என்று சொல்ல நினைத்தவன் நான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். துரைக்குத் தெரியாதது நியாயம். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

இது தெரிந்த ஒரு ஆள் இருந்தான். டவுனுக்குத் தமுக்கு போடுகிற சுடலை. எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவன், ஒல்லியான உடம்பு, ஊரையே கூப்பிடுகிற குரல். கழுத்தில் தமுக்கு கிடந்தால் மட்டும்தான் அவன் ரத வீதியில் நடப்பதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெறும் கழுத்தோடு வந்தால் கேட்பார்கள். அந்தக் காலம் அப்படி. வயதில் மூத்தவனை நான் 'ஏலே' என்று கூப்பிட்டதும் அந்தக் காலத்தில் சேர்த்திதான். அன்றைக்கு அது எனக்குக் கூச்சமாகக் கூட இல்லை.

சுடலை வந்து கூட்டத்தைப் பார்த்தான், துப்பாக்கிகளைப் பார்த்தான். தோலில் விரலால் தட்டினான். நெருப்பில் காட்டாமலே அது வெயிலில் முறுகியிருந்தது.

"ரைட்டரய்யா, என்னத்தச் சொல்லணும்?"

"கூட்டம் கலைஞ்சு போகணும்னு சொல்லணும்லே. வாசகம் நான் படிக்கேன். நீ அடிச்சிட்டு, நான் சொல்லுததத் திருப்பிச் சொல்லு."

"தமுக்கடிச்சா சனம் வருமே ஒழியப் போவாதே அய்யா."

"ஏலே, உன் யோசனையையா கேட்டேன்? அடிலே."

அடித்தான். அடுத்து நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

காதில் வைத்த கை

நான் படித்த வாசகம் வேறு ஒரு கூத்து. 'இதனால் சகலமானவர்களுக்கும் அறியப்படுத்துவது யாதெனில்' என்று ஆரம்பித்து, எங்கேயோ போய் முடியும். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்களுக்கே இரண்டு தரம் படித்தால்தான் விளங்கும். அதைச் சுடலை உரக்கத் திருப்பிச் சொல்லச் சொல்ல, பின்னால் நின்றவர்கள் "என்ன சொல்லுதான்? என்னவே சொல்லுதாவ?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நெருக்கினார்கள். முன்னால் நின்றவர்கள் நெருக்குதலில் எங்களை நோக்கி நகர்ந்தார்கள்.

துரை சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "எச்சரித்தாயிற்று. இரண்டு நிமிஷம். அதற்குள் திரும்பாவிட்டால் சுடச் சொல்வேன்" என்றார். துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின. என் வலது பக்கம் நின்ற கான்ஸ்டபிள் இசக்கிமுத்து ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தான்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் நின்றார். மஞ்சள் சால்வை, வெற்றிலை வாய். வலது கையைக் காதுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, சுடலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி கையை வைத்திருந்தார்கள். கல்லெறிய வந்தவன் காதில் கையை வைக்க மாட்டான்.

"ஐயா, அவர்கள் தாக்க வரவில்லை. கேட்க வருகிறார்கள்."

"கேட்டார்களே, பிறகென்ன?"

"சரியாகக் கேட்கவில்லை, ஐயா."

துரை என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். இவனை நம்பலாமா என்ற சந்தேகம்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம்" என்றார்.

 அந்த மஞ்சள் சால்வைப் பெரியவர் சாகப் போகிறார், என் வாசகத்தைக் கேட்க வந்து சாகப் போகிறார் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

சுடலை என் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் இங்கன நிக்கிற மட்டும் இவிய போவமாட்டாவ அய்யா. நான் நடந்தா பின்னாலயே வந்திருவாவ. நடக்கட்டுமா?"

"போ" என்றேன். "போலே, சீக்கிரம் போ."

நான் சொன்னது சுடலைக்குக் கேட்டது. இசக்கிமுத்துவுக்குக் கேட்டது. துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். பன்னிரண்டு துப்பாக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அவன் முதுகுதான் இருந்தது. உள்ளே போனதும் வேறு அடி அடித்தான். நின்று அடிக்கிற அடி ஒன்று, நடந்து அடிக்கிற அடி ஒன்று. அடுத்த முக்கில் சொல்லப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே கேட்காதவன் அங்கே போய்க் கேட்டுக்கொள்வான்.

கூட்டம் திரும்பியது. மஞ்சள் சால்வைப் பெரியவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, தமுக்குக்குப் பின்னால் போனார். துரை கடிகாரத்தை மூடினார்.

கூட்டம் கரைந்த விதம்

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பல பேரிடம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.

சுடலை ரத வீதியோடு போனான். ஒவ்வொரு தெரு முக்கிலும் நின்றான். ஆனால் என் வாசகத்தை அவன் சொல்லவில்லை. அதைக் கீழ ரத வீதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனாக ஒன்று சொன்னான். "துப்பாக்கி நெறச்சு வச்சிருக்காவ. சுடச் சொல்ல ஆள் இருக்கு, சுடாதேன்னு சொல்ல ஆள் இல்ல. வீட்டுல சோறு ஆறிட்டுக் கெடக்கு. போங்க சாமிமாரே."

அது எல்லாருக்கும் ஒரே தரத்தில் விளங்கியது. முதல் முக்கில் அந்தத் தெருக்காரர்கள் இருபது முப்பது பேர் கழன்றார்கள். சொந்தத் தெரு கண்ணில் பட்டதும், வாசலில் நின்று பெண்டாட்டி பார்த்ததும், கால் தன்னால் திரும்பிவிட்டது. அடுத்த முக்கில் இன்னொரு தெரு. இப்படியே நாலு வீதி.

கூட்டம் என்று ஒன்றை நான் அன்றைக்கு வரை ஒரே உடம்பாகத்தான் பார்த்து வந்தேன். எங்கள் பயிற்சியும் அப்படித்தான். கூட்டத்தைத் தடு, கூட்டத்தை விரட்டு. கூட்டத்தில் நிற்கிறவன் ஒரு தெருவைச் சேர்ந்தவன், அந்தத் தெருவுக்கு அவன் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கலைந்து போ என்றோமே தவிர, எந்த வழியாக என்று நாங்கள் சொன்னோமா? சொன்னது சுடலை.

எல்லாம் நல்லபடியாகவே போயிருக்கும். ஆனால் மேல ரத வீதியில் யாரோ சில பேர் தெருவிளக்குக் கண்ணாடிகளைக் கல்லால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். தமுக்கு அந்த வழியாகப் போன நேரமும் அதுவும் ஒன்றாக அமைந்துவிட்டது.

அடுத்தது சுடலையின் தப்பு. தப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் அவன் தப்பியிருப்பான். தமுக்கு போடுகிறவன் எங்கே ஆரம்பித்தானோ அங்கேயே வந்து முடிக்க வேண்டும். போட்டாயிற்று என்று அனுப்பியவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் முறை. மற்றவர்களைப் போல அவனும் ஏதாவது ஒரு முக்கில் கழன்று வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நாலு வீதியும் வலமாகச் சுற்றி, அந்த வேகாத வெயிலில், பத்துப் பதினைந்து பேரும் ஒரு நாயும் பின்னால் வர, நாங்கள் நின்ற அதே முக்குக்கு வந்து நின்றான்.

துரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டான். "தமுக்கு போட்டாச்சு எசமான். நாலு வீதியும் போட்டாச்சு."

துரைக்கு அதற்குள் மேல ரத வீதிச் சேதி வந்திருந்தது. கூட்டத்துக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றியவன் இவன்தானா என்று கேட்டார். யாரோ ஆமாம் என்றார்கள். விலங்கு மாட்டும்போது சுடலையின் கையில் தமுக்குக் குச்சி அப்படியே இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டேன்.

சாட்சிக் கூண்டு

சட்டவிரோதமான கூட்டத்தை நடத்திப் போனதாக வழக்கு. முதல் சாட்சி நான். வழக்கு வருவதற்கு முன்பே எனக்கு ஏட்டு உத்தியோகம் கொடுக்கச் சொல்லித் துரை எழுதிவிட்டார். பதறாமல் பக்கத்தில் நின்றேன் என்று என்னைப் பாராட்டி எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை நானே என் கையால் பதிவு செய்தேன்.

சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் இசக்கிமுத்து கிட்டே வந்தான். "நீரு 'போ'ன்னது என் காதுல விழல வே. நீரும் சொல்லலன்னே இரும்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கும் அது போதுமாக இருந்தது.

கோர்ட்டு மேஜை மேல் தமுக்கை வைத்து, சாட்சிப் பொருள் என்று ஒரு சீட்டை அதில் கட்டியிருந்தார்கள். நிழலில் கிடந்து தோல் தொய்ந்திருந்தது. சுடலை கேள்வி கேட்கிறவர்களைப் பார்க்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டத்துக்கு முன்னால் இவன் நடந்தானா? நடந்தான். பறை அடித்தானா? அடித்தான். கொடுத்த வாசகத்தை அந்த இடத்தில் நின்றுதானே சொல்ல வேண்டும்? ஆம். வீதி சுற்றும்படி துரை உத்தரவு கொடுத்தாரா? இல்லை.

நாலும் உண்மை. யார் சொல்லிப் போனான் என்று ஐந்தாவதாக ஒரு கேள்வி வரும் என்று உள்ளங்கை வேர்க்க நின்றேன். அது வரவில்லை. வராததைக் கர்த்தர் செய்த உதவி என்று கூட நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு!

சுடலைக்கு வக்கீல் இல்லை. சாட்சியை ஏதாவது கேட்கிறாயா என்று அவனையே கேட்டார்கள். அப்போதுதான் அவன் தமுக்கிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். ஒரே ஒரு கேள்வி போதும். 'போலேன்னு சொன்னது நீங்கதானே?' என்றால் முடிந்தது. கர்த்தர் மேல் சத்தியம் செய்துவிட்டு நின்ற நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"கேக்க ஒண்ணுமில்ல எசமான்" என்றான்.

மூன்று மாதம் போட்டார்கள். தெரு முக்குகளில் அவனாகச் சொன்ன வார்த்தைகள் அவனுக்கு எதிராக நின்றன. 'சுடாதேன்னு சொல்ல ஆள் இல்ல' என்று ஜனங்களிடம் சொன்னது சர்க்காரைப் பழித்ததாகும் என்றார்கள். ஆள் இல்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை என்பது அந்த அறையில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கட்டை இறக்கி வைத்தவன்

அடுத்த வருஷம் சீவலப்பேரித் திருவிழாவுக்குக் காவல் போனேன். கையில் ஏட்டுப் பட்டை புதுசாக மின்னியது. களத்து மேட்டில் நெல்லுக்கட்டு சுமந்துகொண்டு வந்தவன் ஒருவன், என்னைக் கண்டு கட்டை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். சுடலை.

தமுக்கு வேறு ஒருவன் கைக்குப் போய்விட்டது, டவுனில் தலை காட்ட முடியவில்லை, கூலிக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். தோளெல்லாம் வைக்கோல் தூசி. ரத வீதிப் பக்கம் போவதே இல்லையாம். வெறும் கழுத்தோடு எப்படிப் போவான்?

நான் கேட்டேன். "சுடலை, அன்னைக்கு ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

 கழுத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

"கேட்டு, நீங்க இல்லன்னு சொல்லிட்டியன்னா?" என்றான். "நீங்க 'போ'ன்னிய, நான் போனேன். அது ஒண்ண வச்சுத்தான் உள்ள இருந்த மூணு மாசமும் ஓட்டினேன். அதையும் நீங்க இல்லன்னு சொல்லிட்டா, நான் என்னத்த வச்சிருக்கது, ஏட்டையா?"

கட்டைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கேட்டான். பிடித்துத் தூக்கி வைத்தேன். கிட்டே இருந்தவர்கள் ஒரு ஏட்டு இந்த வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. புன்னக்காயல் பக்கம் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார், எந்த அளவுக்கு நிஜமோ தெரியாது.

கேட்டவருக்குப் பதில்

சில வருஷம் கழித்து, ஐரோப்பாவில் முதல் சண்டை நடந்த காலத்தில் அரிசி விலை ஏறி, ஒரு சந்தையில் ஜனங்கள் மண்டிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கு எனக்குக் கீழே எட்டுப் பேர். துப்பாக்கிகளைக் குண்டை எடுத்துவிட்டு வண்டியில் வைக்கச் சொன்னேன். சந்தைக்கு மூன்று வாசல், மூன்றையும் திறந்தே விட்டேன். முன்னால் நின்ற ஒருவரிடம் போய், "எந்தத் தெரு அண்ணாச்சி?" என்று கேட்டேன். கோபத்தில் இருந்த மனுஷன் ஒரு கணம் திகைத்துப் போய்த் தெருவின் பெயரைச் சொன்னார். அங்கிருந்து பேச்சு ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எல்லா நாளும் இப்படி முடிந்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இரண்டு இடத்தில் என் ஆட்கள் அடித்தார்கள், ஒரு இடத்தில் நானே அடித்தேன். ஆனால் ஒரு வழியைத் திறந்து வை, புரிகிற வார்த்தையில் பேசு, அவர்கள் ஏன் கிட்டே வருகிறார்கள் என்று ஒரு தரம் யோசி என்ற மூன்றையும் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு தமுக்குக்காரன் பின்னால் ஒரு ஊரே போனதிலிருந்து தெரிந்துகொண்டது.

ஆகவே சாத்தான்குளத்து நண்பரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தக் கூட்டத்தை நான் கலைக்கவில்லை. கலைத்தவன் ஜெயிலுக்குப் போனான், நான் ஏட்டு ஆனேன்.

அன்றைக்கு யாரும் கேட்காத ஐந்தாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கூண்டில் இல்லை, வேர்க்கவும் இல்லை, இனி என் பட்டையைப் பிடுங்கவும் யாரும் இல்லை. அதனால் இதில் பெருமை ஒன்றும் கிடையாது. சுடலை எங்கேயாவது இருந்து, யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டினால் போதும்.

சுடலையை வீதி சுற்றப் போகச் சொன்னது யார்?

நான்தான் சொன்னேன்.